எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது எங்கிருந்து வந்தது? செவிலியருக்கான மருந்தியல்

மருந்தியல் பாடம் பெரும்பாலும் ஒரு பட்டியலாகத்தான் வகுப்பறைக்குள் நுழைகிறது. மருந்தின் பெயர், பிரிவு, டோஸ், பக்கவிளைவு, கவனிக்க வேண்டியவை என்று வரிசையாகக் கட்டங்கள். தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்துவிடலாம். வார்டில் நிற்கும்போது அது போதாது. மார்ஃபின் என்ற அதே வலி மருந்து ஒருவருக்கு ஊசியில் 10 மி.கி., இன்னொருவருக்கு மாத்திரையில் 30 மி.கி. என்று ஏன் எழுதப்படுகிறது? ஒரு ஆன்டிபயாடிக் நாளுக்கு ஒரு தடவை, வேறொன்று ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று ஏன் வருகிறது? ஒரு மருந்தை நொடியில் தள்ளிவிட வேண்டும், இன்னொன்றை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும், ஏன்?

இவற்றுக்கெல்லாம் விடை, மருந்து உடலுக்குள் போகும் பாதையில் கிடைக்கும். பாதை புரிந்தவருக்குப் பட்டியலில் பாதி தானாகவே நினைவில் நிற்கும். அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. சார்ட்டில் எழுதியிருக்கும் டோஸை இப்போதே கொடுக்கலாமா, நிறுத்திவைத்து மருத்துவரை அழைக்க வேண்டுமா என்று முடிவெடுக்கும் இடத்தில் இந்தப் புரிதல்தான் கைகொடுக்கும். மருந்து நோயாளிக்குள் போவதற்கு முன் அதைக் கடைசியாகப் பார்ப்பவர் செவிலியர்தான்.

இரண்டே கேள்விகள்

மருந்தியல் முழுவதையும் இரண்டு கேள்விகளுக்குள் அடக்கலாம்.

1. உடல் மருந்தை என்ன செய்கிறது? உறிஞ்சுவது, உடலெங்கும் பரப்புவது, உருமாற்றுவது, வெளியேற்றுவது ஆகிய நான்கும் இதில் அடங்கும். இதற்குப் பார்மகோகைனெடிக்ஸ் என்று பெயர்.

2. மருந்து உடலை என்ன செய்கிறது? எந்த ஏற்பியை (செல்லில் மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தை) தொடுகிறது, எந்த நொதியை நிறுத்துகிறது, அதனால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எப்படி மாறுகின்றன என்பது இது. இதற்குப் பார்மகோடைனமிக்ஸ் என்று பெயர்.

டோஸ், வழி, நேரம் மூன்றும் பெரும்பாலும் முதல் கேள்வியிலிருந்து வருகின்றன. கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எதைப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவதிலிருந்து வருகிறது.

உள்ளே நுழைவது: வழி மாறினால் டோஸும் மாறும்

வாய்வழி விழுங்கிய மருந்து குடலில் உறிஞ்சப்பட்டதும் நேராக உடல் முழுவதும் போய்விடுவதில்லை. குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. அங்கே மருந்தின் ஒரு பகுதி, வேலையைத் தொடங்கும் முன்பே சிதைக்கப்படுகிறது. இதைத்தான் முதல் சுற்றுச் சிதைவு என்கிறோம்.

ப்ரோப்ரனோலால் என்ற இதய மருந்து இதற்குத் தெளிவான உதாரணம். மாத்திரையாக 40 மி.கி. கொடுக்கப்படும் அந்த மருந்து, சிரை வழியாகப் போகும்போது 1 மி.கி. என்ற அளவில்தான் கொடுக்கப்படுகிறது. மார்ஃபினில் இந்த இடைவெளி குறைவு, ஏறத்தாழ மூன்று மடங்கு. மாத்திரை டோஸ் என்று நினைத்து அதே எண்ணை ஐவியில், அதாவது சிரை வழியாக, செலுத்தினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. வாய்வழி மருந்து எழுதியிருந்த சார்ட்டில் வழி மட்டும் ஐவி என்று மாறி, எண் அப்படியே இருந்தால் அங்கேயே நின்று கேட்க வேண்டும்.

நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை நாக்கின் அடியில் வைக்கச் சொல்வதும் இதனால்தான். விழுங்கினால் கல்லீரல் அதில் பெரும்பகுதியை அழித்துவிடும். நாக்கின் அடியில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கல்லீரலுக்குள் நுழையாமல் நேராக இதயத்துக்குப் போகும் சிரைகளில் சேர்கின்றன. "முழுங்கிடாதீங்க, கரையிற வரைக்கும் நாக்குக்கு அடியிலேயே இருக்கட்டும்" என்று நோயாளியிடம் சொல்லும் ஒரு வரிக்குள் இத்தனையும் இருக்கிறது.

மாத்திரையை நசுக்குவது பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். விழுங்க முடியாதவருக்கும், மூக்குக் குழாய் வழி உணவு எடுப்பவருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் பழக்கம் உண்டு. இரண்டு வகை மாத்திரைகளை அப்படிப் பொடிக்கக் கூடாது.

1. மெதுவாக மருந்தை வெளிவிடும் மாத்திரைகள். பன்னிரண்டு மணி நேரமோ ஒரு முழு நாளோ பரவ வேண்டிய டோஸ், பொடித்தால் ஒரே நேரத்தில் உடலுக்குள் இறங்கிவிடும். மார்ஃபின் போன்ற மருந்துகளில் இது மூச்சை நிறுத்தும் அளவுக்குப் போகலாம்.

2. குடலில் மட்டும் கரையும்படி மேல்பூச்சு போட்ட மாத்திரைகள். அந்தப் பூச்சு, இரைப்பை அமிலத்திடமிருந்து மருந்தையோ, மருந்திடமிருந்து இரைப்பையையோ காப்பதற்காக இருப்பது.

குடலில் மருந்தும் மருந்தும் மோதிக்கொள்வதும் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசினையும் இரும்புச்சத்து, கால்சியம் அல்லது அமிலநீக்கி மாத்திரையையும் ஒரே வேளையில் கொடுத்தால், உலோகத் துகள்கள் ஆன்டிபயாடிக்கைப் பிடித்துக்கொள்ளும். அது உறிஞ்சப்படாமல் வெளியே போய்விடும். காலை எட்டு மணி மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பையில் போட்டுக் கொடுப்பது வசதிதான். ஆனால் இந்த ஜோடி ஒன்றாகப் போகக் கூடாது.

பரவுவது: கட்டுண்ட மருந்தும் தனித்த மருந்தும்

ரத்தத்துக்குள் வந்த மருந்தில் ஒரு பங்கு அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பயணிக்கிறது. ஒட்டிய பங்கு வேலை செய்யாது. ஒட்டாமல் தனித்திருக்கும் பங்கு மட்டுமே திசுவுக்குள் நுழைந்து வேலை செய்யும்.

வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயினில் ஏறத்தாழ 90 சதவீதம் ஒட்டிய நிலையில் இருக்கும். கல்லீரல் நோயாலோ நீண்ட பட்டினியாலோ அல்புமின் குறைந்தவருக்குத் தனித்த பங்கு 10 சதவீதத்திலிருந்து 20 ஆக உயர்ந்தால், வேலை செய்யும் மருந்து இரண்டு மடங்காகிறது. பரிசோதனை முடிவில் மொத்த அளவு ஒரு மி.லி.க்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்ற இயல்பு வரம்புக்குள்ளேயே தெரியலாம். நோயாளியோ தள்ளாடி நடப்பார், கண்கள் அலைபாயும், பேச்சு குழறும். தாளில் இருக்கும் எண்ணைவிட நோயாளியின் நடை உண்மையைச் சொல்லும் தருணம் இது.

உருமாற்றம்: கல்லீரலின் வேலை

கல்லீரல் மருந்தைச் செயலிழக்கச் செய்யும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. சில மருந்துகள் கல்லீரலைத் தாண்டிய பிறகுதான் வேலைக்கே வருகின்றன. கோடீன் உடலுக்குள் மார்ஃபினாக மாறி வலியைக் குறைக்கிறது. இந்த மாற்றத்தைச் செய்யும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே மிக வேகமாக வேலை செய்யும். அப்படிப்பட்ட குழந்தைக்கு வழக்கமான டோஸே மூச்சை ஒடுக்கிவிடலாம். 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கோடீன் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் அறிவித்ததற்குக் காரணம் இதுதான்.

ஒரு மருந்து இன்னொன்றின் சிதைவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளை அதிகம் உற்பத்தி செய்யவைக்கிறது. அதனால் கருத்தடை மாத்திரை வேகமாகச் சிதைந்து பலனிழக்கும். ரிஃபாம்பிசின் தொடங்கும் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் விடுவது பெரிய தவறு.

பாராசிட்டமால் பற்றிக் கொஞ்சம் நின்று பார்ப்போம். வீட்டுக்கு வீடு இருக்கும் மருந்து என்பதால் அதன் ஆபத்து கண்ணில் படுவதில்லை. அதில் பெரும்பகுதியைக் கல்லீரல் பாதிப்பில்லாத வடிவமாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் நச்சுப் பொருளாக மாறுகிறது. குளுட்டாத்தயோன் என்ற பொருள் அந்த நச்சை உடனே பிணைத்து அடக்கிவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் கூடாது என்ற வரம்பு இந்த ஏற்பாடு தாங்கும் அளவை ஒட்டியது. அளவு மிகவும் மீறினால் குளுட்டாத்தயோன் தீர்ந்துவிடும், நச்சு கல்லீரல் செல்களைத் தாக்கும். கொடுமை என்னவென்றால், முதல் 24 மணி நேரத்தில் குமட்டலைத் தவிரப் பெரிதாக எதுவும் தெரியாது. கல்லீரல் பாதிப்பு இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வெளிப்படும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் குளுட்டாத்தயோனை மறுபடி நிரப்பும். விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அதன் பலன் மிக நன்றாக இருக்கும். எனவே "நன்றாகத்தான் இருக்கிறார்" என்பது இங்கே நிம்மதி அடைவதற்கான காரணமாகாது. எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்ற இரண்டு விவரங்களை முதலில் கேட்டு எழுத வேண்டும். சளிக் காய்ச்சல் மாத்திரைகளிலும் வலி மாத்திரைக் கலவைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும் என்பதால் அவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வெளியேற்றம்: சிறுநீரகமும் ஏமாற்றும் கிரியாட்டினினும்

பெரும்பாலான மருந்துகளோ அவற்றின் உருமாறிய வடிவங்களோ கடைசியில் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகின்றன. சிறுநீரகம் தளர்ந்தால் அவை தேங்கும். மார்ஃபினைக் கல்லீரல் மாற்றி உருவாக்கும் ஒரு வடிவம் மார்ஃபினைப் போலவே வலிமையானது. அது சிறுநீரில்தான் போக வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு மார்ஃபின் கொடுத்த பின் மயக்கம் நீண்டுகொண்டே போவதற்கு இது ஒரு காரணம்.

முதியவர்களிடம் ஒரு பொறி இருக்கிறது. சிறுநீரகத்தின் திறனை அறிய ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் என்ற கழிவு தசையிலிருந்து வருவது. வயதாகித் தசை மெலிந்தவருக்குக் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு. சிறுநீரகத்தின் திறன் பாதியாகக் குறைந்திருந்தாலும் பரிசோதனை எண் இயல்பாகத் தெரியக்கூடும். அதனால்தான் வயது, எடை, பாலினம் ஆகியவற்றையும் சேர்த்து வடிகட்டும் திறனைக் கணக்கிடுகிறார்கள். எடையைச் சரியாக எடுத்துச் சார்ட்டில் எழுதுவது இந்தக் கணக்கின் அடிப்படை. கண் மதிப்பில் எழுதிய எடை, தவறான டோஸில் போய் முடியும்.

அரை ஆயுள்: நேரத்தைத் தீர்மானிக்கும் எண்

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். ரத்தத்தில் இருக்கும் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரமே அரை ஆயுள். மூன்று இதய மருந்துகளைப் பாருங்கள். அடினோசினுக்கு இது 10 நொடிக்கும் குறைவு. டிகாக்சினுக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தால், 36 முதல் 48 மணி நேரம். அமியோடரோனுக்குப் பல வாரங்கள்.

அடினோசினை இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரையில் வேகமாகத் தள்ளி, உடனே சலைன் (உப்புநீர்) விட்டு அடித்துச் செலுத்தச் சொல்வது ஏன் என்று இப்போது புரியும். மெதுவாகச் செலுத்தினால் இதயத்தைத் தொடும் முன்பே மருந்து காணாமல் போய்விடும்.

ஒரே டோஸைச் சீரான இடைவெளியில் கொடுத்துக்கொண்டே இருந்தால் உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரு கட்டத்தில் சமமாகும். அடியில் ஓட்டை உள்ள வாளியில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் மட்டம் ஓரிடத்தில் நிற்பது போல. அந்த நிலையை நோக்கி ஏறும் கணக்கு இது:

1. ஓர் அரை ஆயுள் முடிந்ததும் 50 சதவீதம்
2. இரண்டு முடிந்ததும் 75
3. மூன்று முடிந்ததும் 87.5
4. நான்கு முடிந்ததும் ஏறத்தாழ 94
5. ஐந்து முடிந்ததும் ஏறத்தாழ 97

ஆக, நான்கைந்து அரை ஆயுள் கடந்தால் மட்டம் நிலைத்துவிட்டது என்று கொள்ளலாம். நிறுத்தும்போதும் இதே கணக்குத்தான், இறங்குமுகமாக. டிகாக்சின் நிலைபெற ஒரு வாரத்துக்கும் மேல் ஆகும் என்பதும், அவசரம் என்றால் தொடக்கத்தில் பெரிய டோஸ் ஏன் கொடுக்கிறார்கள் என்பதும் இதிலிருந்தே வருகின்றன. "மூணு நாளா சாப்பிடுறேன், ஒண்ணும் தெரியலையே" என்று கேட்கும் நோயாளிக்கு நேர்மையான பதிலும் இதில்தான் இருக்கிறது.

அரை ஆயுளை மட்டும் பார்த்துப் பலன் எப்போது தொடங்கும், எப்போது தீரும் என்று முடிவுகட்டுவது பொதுவான குழப்பம். பல மருந்துகளுக்கு அது பொருந்தும். இவற்றுக்குப் பொருந்தாது:

1. ஆஸ்பிரின் ரத்தத்தில் 15 முதல் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். ஆனால் அது தட்டணுக்களின் நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை, புது நொதி செய்ய முடியாது. அந்தத் தட்டணு வாழும் 7 முதல் 10 நாள் வரை விளைவு நீடிக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் ஆஸ்பிரின் பற்றிக் கேட்கும்போது "நேற்று எடுத்தீர்களா" என்று மட்டும் கேட்டால் போதாது.

2. வார்ஃபரின் புது உறைவுக் காரணிகள் உருவாவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே ரத்தத்தில் இருப்பவற்றை அது தொடுவதில்லை. அவற்றில் புரோத்ராம்பின் பாதியாகவே இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால்தான் முதல் சில நாள்கள் வார்ஃபரினோடு ஹெப்பாரினும் சேர்ந்து ஓடுகிறது. இரண்டு ரத்த உறைதல் தடுப்பிகள் எதற்கு என்று ஒன்றை நிறுத்திவிடக் கூடாது.

மாறாக, அரை ஆயுள் குறைவாக இருப்பதே ஆபத்தாகும் இடமும் உண்டு. மார்ஃபின் அதிகமாகி மூச்சு குறைந்தவருக்கு அதன் மாற்று மருந்தான நாலாக்சோன் கொடுத்ததும் அவர் விழித்துக்கொள்வார். நாலாக்சோனின் அரை ஆயுள் 30 முதல் 80 நிமிடம். மார்ஃபினுடையது இரண்டு மூன்று மணி நேரம். நாலாக்சோன் விலகியதும் மார்ஃபின் மறுபடி அதே ஏற்பியில் போய் உட்காரும். விழித்தவரைத் தனியே விடக் கூடாது, மூச்சு எண்ணிக்கையைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

இடைவெளியை அரை ஆயுள் மட்டும் தீர்மானிப்பதில்லை. பெனிசிலின் வகை மருந்துகள், கிருமியைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் இருக்கின்றன என்பதைப் பொறுத்துக் கொல்கின்றன. சீக்கிரம் வெளியேறிவிடுவதால் அடிக்கடி கொடுத்தாக வேண்டும். ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் உச்ச அளவு எவ்வளவு உயரம் போகிறது என்பதைப் பொறுத்துக் கொல்கிறது. எனவே பெரிய டோஸ், நாளுக்கு ஒரு தடவை. அடுத்த டோஸுக்குள் அளவு நன்றாக இறங்கினால் சிறுநீரகமும் காதும் தப்பிக்கும். அந்த இறக்கத்தை அறியத்தான் அடுத்த டோஸுக்குச் சற்று முன் ரத்தம் எடுக்கிறார்கள். அப்படி எடுக்கும்போது கடைசி டோஸ் ஓடிய நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் நிமிடக் கணக்கில் எழுதியாக வேண்டும். நேரம் தவறாக எழுதப்பட்டால், சரியான பரிசோதனை முடிவிலிருந்து தவறான டோஸ் பிறக்கும்.

ஏற்பிகள்: விளைவு எங்கிருந்து வருகிறது

செல்லில் மருந்தைப் பற்றிக்கொள்ளும் பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்று ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஜான் லாங்லி 1905-இல் எழுதினார். இன்று நாம் ஏற்பி என்று சொல்வது அதைத்தான். ஏற்பியில் அமர்ந்து அதைத் தூண்டும் மருந்து இயக்கி. அமர்ந்து, மற்றவை அமர விடாமல் மறிப்பது தடுப்பி.

அட்ரினலினைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். கடும் ஒவ்வாமையில் பெரியவருக்கு 0.5 மி.கி. தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படுகிறது. ஆல்ஃபா ஏற்பிகள் வழியாக ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும், வீக்கம் வடியும். பீட்டா 1 வழியாக இதயம் வலுவாகத் துடிக்கும். பீட்டா 2 வழியாக மூச்சுக் குழல் விரியும். ஒரே மருந்து மூன்று உயிர் ஆபத்துகளையும் சமாளிக்கிறது. ஊசி போட்டபின் படபடப்பும் நடுக்கமும் வந்தால் அவை அதே ஏற்பிகளின் வேலை.

ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் பெரும்பாலும் பீட்டா 2-ஐ மட்டும் தூண்டும், மூச்சுக்குழல் விரியும். ப்ரோப்ரனோலால் பீட்டா 1, பீட்டா 2 இரண்டையும் மறிக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுக்குழலை இறுக்கிவிடும். இந்த இரண்டு பெயர்களும் ஒரே சார்ட்டில் இருந்தால் கொடுக்கும் முன் கேட்பதுதான் முறை.

எல்லாம் சேர்ந்து ஒரு நோயாளியிடம்

இதயம் தளர்ந்த ஒரு முதியவர். காலை மருந்தில் டிகாக்சினும், நீர் வெளியேற்ற ஃபுரோசமைடும் இருக்கின்றன. இரண்டு நாளாக வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை. செவிலியர் மாத்திரையைக் கையில் எடுக்கும் முன் அவர் மனதில் ஓட வேண்டியவை:

1. டிகாக்சின், செல்லுக்கு உள்ளும் வெளியும் உப்புகளைக் கடத்தும் சோடியம்-பொட்டாசியம் பம்ப்பைத் தடுத்து இதயத்தின் சுருக்கத்தை வலுவாக்குகிறது. பம்ப்பில் பொட்டாசியம் பிடிக்கும் இடத்துக்கு இதுவும் போட்டியிடுகிறது. பொட்டாசியம் குறைந்தால் அதே டோஸ் அதிக நஞ்சாகும்.

2. ஃபுரோசமைடும் வாந்தியும் பொட்டாசியத்தைக் குறைப்பவை. கடைசியாக எப்போது பார்த்தார்கள், எவ்வளவு இருந்தது?

3. உடலில் நீர் வற்றினால் சிறுநீரக ரத்த ஓட்டம் குறையும். டிகாக்சின் சிறுநீரகம் வழியே போவது. 36 மணி நேர அரை ஆயுள் பல நாள்களாக நீளும்.

4. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே இந்த மருந்தில் இடைவெளி மிகக் குறைவு. அப்புறம், அந்த வாந்தியே நோயின் அறிகுறியா, டிகாக்சின் நஞ்சின் முதல் அறிகுறியா? பசியின்மை, குமட்டல், குழப்பம், மங்கலான அல்லது மஞ்சளாகத் தெரியும் பார்வை எல்லாம் அதன் அடையாளங்கள்.

இவ்வளவும் யோசித்தபின் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சின் இடப்புறம், இதய முனையில் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், விட்டுவிட்டு வரும் துடிப்பு தப்பிவிடும். பெரியவருக்கு 60-க்குக் கீழே இருந்தாலோ புதிதாகச் சீரற்றுப் போயிருந்தாலோ டோஸை நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 60-க்கு மேல் இருந்தாலும் இவருடைய வாந்தியும் நீர் இழப்பும் போதும், கொடுப்பதற்கு முன் அழைப்பதற்கு. ரத்த அளவு பார்க்கச் சொன்னால், கடைசி டோஸ் கொடுத்து ஆறு மணி நேரமாவது ஆன பிறகே எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால், மருந்து திசுக்களுக்குள் பரவி முடிந்திருக்காது, ரத்தத்தில் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும்.